கண்டு சொல்லும் கைங்கரியம்

1985-ஆம் ஆண்டு வரையில் எய்ட்ஸ் என்னும் கொடிய வியாதியைப் பற்றி நம் தேசத்தில் பரவலாக நிலவிய அபிப்பிராயம், அது ஒழுக்கம் தளர்ந்த மேல்நாட்டாருக்கே உரியதென்பதும், குடும்ப தர்மத்தில் ஊன்றி நிற்கும் பாரத சமுதாயத்தை அது அணுகாதென்பதுமாக இருந்தது. 1981-இல் அமெரிக்காவில் அந்நோய் முதன்முதலாக அறியப்பட்டு, 1983-இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் அதன் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டு, 1985-இல் இரத்தத்தில் அதை அறியும் பரிசோதனையும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் நம் நாட்டில் சில இடங்களில் செய்த பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாமையால், அந்த அபிப்பிராயம் மேலும் உறுதிப்பட்டதேயன்றித் தளரவில்லை. அது மெய்தானாவென்று சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த இரண்டு பெண்மணிகள். ஒருவர் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். மற்றவர் அவரிடம் பயின்ற மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா.

வைத்தியசாலைக்குப் போய் வருகிறவர்கள் வைத்தியரை அறிவார்கள், தாதியரை அறிவார்கள், மருந்து கொடுக்கும் ஜன்னலில் நிற்பவரையும் அறிவார்கள். ஆனால், நோயாளியின் இரத்தத்திலும் சளியிலும் சிறுநீரிலும் சீழிலும் மறைந்திருக்கும் கிருமியைக் கண்டெடுத்து, அதன் இனம் இன்னதென்று நிர்ணயித்து, எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று எழுதிக் கொடுத்து, ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அது தாவும் வழியையும் ஆராய்ந்து அடைக்கின்ற நுண்ணுயிரியல் விஞ்ஞானிகளையும், அவர்களோடு உழைக்கும் ஆய்வுக்கூடப் பணியாளர்களையும் அறிந்தவர் வெகு சிலரே. கண்டதைக் கண்டபடி சொல்லுவதே அவர்களுடைய தொழில் தர்மம். கேட்பவருக்கு அது கசந்தாலும், வைத்தியருக்கு வருத்தம் தந்தாலும், சர்க்காருக்குச் சங்கடம் விளைத்தாலும், சொல்லாமல் விடுவதற்கு அவர்களுக்கு உரிமையில்லை. இந்த தர்மத்தை மேற்கொண்டவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு என்ன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஆறு மாதிரிகள்

பட்டமேற்படிப்புக்குரிய ஆராய்ச்சிப் பொருளைத் தேடிக்கொண்டிருந்த நிர்மலாவுக்கு, எய்ட்ஸ் வைரஸ் தமிழ்நாட்டில் உண்டா இல்லையா என்பதையே ஆராயலாமென்று யோசனை கூறியவர் சுனிதி சாலமன். ஆசாரமான குடும்பத்தில் பிறந்து, சிறு குழந்தைகளுக்குத் தாயாகவும் இருந்த மாணவி முதலில் தயங்கினார். கணவர் கொடுத்த தைரியத்தால் இசைந்தார். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருப்பதுபோல விலைமாதர் வாழும் தனித் தெருக்கள் சென்னையில் இல்லாமையால், அரசினர் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்களுக்காகச் சிகிச்சை பெற வந்த பெண்களோடு பழகி, அவர்கள் வாயிலாக, காவல் துறையினர் பிடித்துவந்த பெண்களை வைத்திருந்த காப்பகத்தைப் பற்றி அறிந்து, அங்கே சென்று மாதிரிகளைச் சேகரிக்கலானார். கையுறையும் இல்லை, இன்று சாதாரணமாகக் கருதப்படும் பாதுகாப்புச் சாதனம் வேறெதுவும் இல்லை. அந்த நிலையில் ஏறக்குறைய எண்பது பேருடைய இரத்தத்தை எடுத்து, சுனிதி சாலமன் அமைத்துக் கொடுத்த சிறியதோர் இடத்தில் அதிலிருந்து சீரத்தைப் பிரித்து, வேறு வசதியின்மையால் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அதைப் பாதுகாத்து வைத்தார்.

இரத்தத்தில் அவ்வைரஸை அறியும் எலைசா என்னும் பரிசோதனையைச் செய்வதற்குரிய சாதனங்கள் அப்போது சென்னையில் இல்லை. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தன. 1986 பிப்ரவரியில், மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, நிர்மலாவும் அவர் கணவரும் இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்குச் சென்றார்கள். அங்கே வைரஸ் இயல் துறையின் தலைவராக இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான் வேண்டிய உதவிகளை ஏற்பாடு செய்து கொடுத்தார். நோயின் சுவடு இல்லாவிடில் நிறம் மாறாதிருக்க வேண்டிய சிறு குழிகளில் ஆறு மஞ்சளாக மாறியிருந்தன. கண்டவர்கள் தம் கண்களை நம்பவில்லை. மறுபடியும் செய்து பார்த்தார்கள். மறுபடியும் அவ்வாறே வந்தது. அதன் பிறகும் ஆய்வாளர்கள் அவசரப்பட்டு வெளியிடவில்லை. அப்பெண்களிடம் புதிதாக இரத்தம் எடுத்து, வெஸ்டர்ன் பிளாட் என்னும் கடுமையான பரிசோதனையை அமெரிக்காவில் செய்வித்து, ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியான பின்னரே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு அறிவித்தார்கள். செய்தி பிரதம மந்திரி ராஜீவ் காந்திக்கும், தமிழ்நாட்டுச் சுகாதார மந்திரி டாக்டர் எச்.வி. ஹண்டேக்கும் எட்டியது, மே மாதத்தில் ஹண்டே அதைச் சட்டசபையில் வெளியிட்டார்.

இத்தகைய செய்தியை மனமுவந்து வரவேற்கும் சமூகம் உலகில் எங்கும் இல்லை. பரிசோதனையே பிழையென்றார் சிலர். மகாராஷ்டிரக் குடும்பத்தில், ஆனால் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவரான சுனிதி சாலமனை, வேற்று மொழிக்காரர் வந்து நம்மவர் ஒழுக்கத்தைப் பழிக்கிறாரென்று ஏசியவர்களும் உண்டு. அவர் தளரவில்லை, நோயாளிகளைப் பிறர் தொடவும் அஞ்சிய காலத்தில் அவர்களை அருகிருத்திப் பேசி, 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் ஸ்தாபனத்தை நிறுவி, 2015-இல் காலமாகும் வரையில் அப்பணியிலேயே நிலைத்தார். நிர்மலா தம் ஆராய்ச்சிக் கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கிண்டி கிங் நிலையத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்றார்.

அந்த ஆறு மாதிரிகளினால் விளைந்த நன்மையை அளவிடுதல் எளிதன்று. இரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. என்னும் அந்த வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமாயிற்று, 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றிற்று, 1998 ஜனவரி முதல் காசுக்கு இரத்தம் விற்கும் வழக்கம் தடை செய்யப்பட்டது, 2004-இல் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கினார்கள். உண்மையைச் சில ஆண்டுகள் பிந்திக் கேட்டிருந்தோமானால், அந்தச் சில ஆண்டுகளில் எத்தனை பிரசவ அறைகளிலும் அறுவை அரங்குகளிலும் நஞ்சு கலந்த இரத்தம் ஏற்றப்பட்டிருக்குமென்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. இவ்வளவு நன்மைக்கும் மூலமாக இருந்தவர்கள், சுதந்திரம் இழந்து காப்பகத்தில் அடைபட்டிருந்த ஏழைப் பெண்கள் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. நோக்கத்தை விளக்கிச் சொல்லி, மனமொப்பிய சம்மதத்தைப் பெற்று, பெயரை இரகசியமாகக் காத்து, அதன் பின்னரே இத்தகைய மாதிரியை எடுக்க வேண்டுமென்று இன்றைய மருத்துவ தர்மம் விதிக்கிறது. அவ்விதி அத்தகைய பெண்களுக்கு உலகம் பட்டிருக்கும் கடனின் ஒரு பகுதியென்றே கொள்ள வேண்டும்.

மேஜைமேல் நடக்கும் விசாரணை

இத்தகைய பெரிய நிகழ்ச்சிகள் ஆய்வுக்கூடத்தின் வாழ்வில் எப்போதோ ஒரு முறை நேர்பவை. அங்கே நாள்தோறும் நடக்கும் வேலை அமைதியானது. ஆனால் அதன் முடிவில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும். கடுங்காய்ச்சலோடு இரத்த அழுத்தம் தாழ்ந்து ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாரென்று வைத்துக்கொள்வோம். மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்னர், தோலை நன்கு சுத்தம் செய்து, இரண்டு இடங்களிலிருந்து இரத்தம் எடுத்து, கிருமி வளர்வதற்குரிய போஷணைத் திரவம் அடங்கிய புட்டிகளில் செலுத்தி அனுப்ப வேண்டும். தோலைச் சுத்தம் செய்வதில் அசிரத்தை காட்டினால், தோலில் இயல்பாக வாழும் சாதுவான கிருமிகள் புட்டியில் புகுந்து வளர்ந்து, குற்றமற்றதைக் குற்றவாளியாகக் காட்டிவிடும். மருந்து கொடுத்த பின் எடுத்தாலோ, உண்மைக் குற்றவாளியே ஒளிந்துகொள்ளும். ஆதலின் ஆய்வுக்கூடத்தின் வேலை நோயாளியின் படுக்கையருகிலேயே தொடங்கிவிடுகிறது.

புட்டியில் கிருமி வளர்ந்ததென்று கருவி அறிவித்ததும், ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் பரப்பிச் சாயமேற்றுகிறார்கள். 1884-இல் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க் தேசத்து வைத்தியர் கண்ட முறையே இன்றளவும் முதற்படியாக இருக்கிறது. ஊதாச் சாயத்தை ஊட்டி, அயோடினால் அதை நிலைநிறுத்தி, சாராயத்தால் கழுவி, பின்னர்ச் சிவப்புச் சாயமிட்டுப் பார்த்தால், ஊதா நிறத்தை விடாமல் பற்றிக்கொள்பவை ஓரினமாகவும், அதை இழந்து இளஞ்சிவப்பாவன வேறோரினமாகவும் பிரிந்து நிற்கும். கொத்துக்கொத்தான ஊதா உருண்டைகளா, சங்கிலிபோல் கோத்தவையா, இளஞ்சிவப்புக் குச்சிகளா என்று கண்ட அக்கணமே விஞ்ஞானி தொலைபேசியை எடுத்து வார்டு வைத்தியரிடம் சொல்லிவிடுகிறார். இராப்பொழுதானாலும் அச்செய்தி காத்திருப்பதில்லை. சில நிமிஷங்களில் முடியும் இந்தச் சோதனையால் மருந்து மாற்றப்பட்டு உயிர் பிழைத்தவர் அநேகர்.

அடுத்தபடி, அத்துளியை அகார்த் தட்டுகளில் தடவி, உடம்பின் உஷ்ணத்துக்கு ஒப்பான சூட்டில் ஓரிரவு வைக்கிறார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளைக்கென்று தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியே இந்த அகார். ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் தட்டுகள் வெப்பத்தில் உருகி ஆராய்ச்சியைக் கெடுத்துக்கொண்டிருந்தபோது, அங்குப் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் சமையலறை அனுபவத்தைக்கொண்டு இப்பொருளைப் பயன்படுத்தலாமென்று சொன்னார். அது நிகழ்ந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு அருகாகியும் அதனினும் ஏற்ற பொருள் வரவில்லை. ஆட்டிரத்தம் கலந்த அகாரில் சில கிருமிகள் தம்மைச் சுற்றியுள்ள இரத்தத்தைக் கரைத்து ஒளிவட்டம் உண்டாக்கும்; பித்த உப்புக் கலந்த மக்கான்கி அகாரில் பாலின் சர்க்கரையைப் புளிக்க வைப்பவை இளஞ்சிவப்பாகத் திரளும்; சூடோமோனாஸ் என்பது பச்சை நிறத்தையும் பழுத்த திராட்சையின் மணத்தையும் காட்டும்; புரோட்டியஸ் அலையலையாகத் தட்டு முழுவதும் படரும். நீண்ட பழக்கத்தால் கூர்மை பெற்ற கண், இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் இனம் கண்டுகொள்கிறது. நிமிஷங்களில் பெயரைச் சொல்லும் நவீன யந்திரங்கள் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. ஆயினும், கண்ட கிருமி நோய்க்குக் காரணமா, வெளியிலிருந்து கலந்ததா என்னும் தீர்ப்பு மனிதனுடைய விவேகத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

இறுதியில் மருந்துச் சோதனை. கிருமியை ஒரே சீராகப் பரப்பிய தட்டின்மேல், வெவ்வேறு ஆன்டிபயாடிக் மருந்துகள் ஊறிய சிறு காகித வில்லைகளை வைத்து, பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், மருந்துக்கு அஞ்சும் கிருமி வில்லையைச் சுற்றி வளராமல் வெறும் வட்டத்தை விட்டிருக்கும்; அஞ்சாத கிருமி வில்லையின் விளிம்பு வரையில் வந்து நெருங்கியிருக்கும். அந்த வட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவதே கல்ச்சர் ரிப்போர்ட் என்று நாம் கையில் வாங்கும் காகிதம். இரத்தம் எடுத்ததிலிருந்து அக்காகிதம் வருவதற்கு இரண்டு மூன்று தினங்கள் ஆகின்றன. தாமதமென்று குறைப்படுகிறோமே, அது கிருமி வளர்வதற்கு இயற்கை வகுத்த காலம் என்பதை உணர்ந்தவர் பொறுத்திருப்பர்.

கையின் கடமை

கிருமியைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது பரவாமல் தடுப்பது மறுபாதி. 1847-இல் வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில், வைத்திய மாணவர் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார் பிரசவ ஜுரத்தால் இறக்கும் விகிதம், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டு மனம் நொந்த வைத்தியர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிரேதப் பரிசோதனை அறையிலிருந்து நேரே வரும் மாணவர்களின் கைகளே எமனுக்குத் தூதாகின்றன என்று தெளிந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமென்று கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் 18 சதவீதத்தை எட்டியிருந்த மரணம், ஜூன், ஜூலை மாதங்களில் 3 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. எனினும், தாய்மாரைக் கொன்றவை தங்கள் கைகளே என்று ஒப்புக்கொள்ளப் பெரிய வைத்தியர் பலருக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸ் பதவியிழந்து, மனம் பேதலித்து, 1865-இல் புத்தி சுவாதீனமற்றோர் விடுதியில் உயிர் நீத்தார். கண்டு சொன்னவரைப் புறக்கணித்த குற்றம் வியன்னாவுக்கும் உண்டு.

எய்ட்ஸ் வந்த பின்னர்த் தொற்றுத் தடுப்புத் துறை புதியதொரு நெறியை வகுத்துக்கொண்டது. யாருடைய இரத்தத்தில் வைரஸ் உண்டு, யாருடையதில் இல்லை என்று முகத்தைப் பார்த்து அறிய முடியாதாகலின், எல்லாருடைய இரத்தத்தையும் தொற்றுடையதாகவே கருதி, கையுறை அணிந்தும், ஊசியை மறுபடி மூடாமல் அப்படியே கழித்தும் பணி செய்ய வேண்டுமென்று 1987-இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் விதி செய்தது. அவ்விதி பரவியதால், வைத்தியசாலை ஊழியர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததோடு, இன்னாரைத் தொடலாம், இன்னாரைத் தொடலாகாது என்னும் பேதத்துக்கும் இடமில்லாமற் போயிற்று.

இன்று பெரிய மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் விஞ்ஞானியும், தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று பயிற்சி பெற்ற செவிலியரும் சேர்ந்து வார்டு வார்டாகச் சுற்றி வருகிறார்கள். அடுத்தடுத்த படுக்கைகளில் ஒரே கிருமி, ஒரே விதமான மருந்து எதிர்ப்போடு தென்படுமானால், அது தற்செயலன்றென்று ஐயுற்று, குழாய் நீரையும், சுவாசக் கருவியின் ஈரத்தையும், பலருக்குப் பொதுவாகப் பயன்படும் மருந்துப் புட்டியையும் சோதித்து, மூலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அறுவைக் கருவிகளை 121 டிகிரி வெப்பத்தில் நீராவியால் வேகவைக்கும் யந்திரம் தன் வேலையைச் செவ்வனே செய்ததா என்று அறிய, வெப்பத்துக்கு எளிதில் மடியாத கிருமி வித்துக்களை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா என்று சோதிக்கிறார்கள். நோயாளியைத் தொடுமுன், சுத்தமான சிகிச்சை செய்யுமுன், உடல் திரவங்கள் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் படுக்கையையும் பொருள்களையும் தொட்ட பின் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த ஐந்து தருணங்களிலும் கைகள் சுத்தம் செய்யப்படுகின்றனவா என்று கவனித்து எழுதுகிறார்கள். பெரிய சர்ஜனானாலும் தவறினால் எடுத்துச் சொல்வது அவர்கள் கடமை. அதைச் சினமின்றிக் கேட்டுக்கொள்ளும் வைத்தியசாலையே நல்ல வைத்தியசாலை.

மறுபடியும் கசந்த செய்தி

2010-இல் நம் தேசம் மற்றொரு முறை இத்தகைய சோதனைக்கு உள்ளாயிற்று. புது டெல்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய நோயாளி ஒருவரிடம் 2008-இல் கண்டறியப்பட்ட, கார்பபெனம் என்னும் வலிமை வாய்ந்த மருந்துகளையும் சிதைக்கவல்ல நொதியத்துக்கு, அந்நகரத்தின் பெயரைச் சேர்த்து என்.டி.எம்.-1 என்று பெயரிட்டிருந்தனர். அதற்குரிய ஜீனைத் தாங்கிய கிருமிகள் சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களிலிருந்து 73 என்று கணக்கிட்டு வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. பாரதத்தின் நற்பெயரைக் கெடுக்கும் முயற்சியென்று அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கண்டனம் எழுப்பினார்கள். ஒரு நகரத்தின் பெயரை நோய்க் காரணியோடு பிணைத்தது நியாயமா என்பது தனி வழக்கு. நம்மவர் அதுபற்றி வருந்தியதில் பிழையில்லை. ஆனால் கிருமி இருந்தது மெய். அது பரவியதும் மெய்.

நல்வினையாக, மெய்யை ஏற்றுக்கொண்டவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 2012-இல் சென்னையில் கூடிய இந்திய மருத்துவ சங்கங்களின் பிரதிநிதிகள், மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் வழிகளை வகுத்துச் சென்னைப் பிரகடனமாக வெளியிட்டார்கள். 2014-இல் முக்கியமான ஆன்டிபயாடிக் மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென்றும், விற்றதைப் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டுமென்றும் எச்-1 அட்டவணை விதி அமலுக்கு வந்தது. 2017-இல் தேசிய செயல் திட்டம் உருவாயிற்று. 2019-இல், கடைசிப் புகலிடமாக எஞ்சியிருக்கும் கோலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் கால்நடைக்கும் வளர்ச்சிக்காகக் கொடுப்பது தடை செய்யப்பட்டது. அவ்வொரே ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

நாம் செய்ய வேண்டுவது

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகிறது. நம்மைக் காப்பாற்றியவை இனிப்பான நம்பிக்கைகள் அல்ல. கசப்பான பரிசோதனை முடிவுகளே. ஆதலின் அம்முடிவுகளைக் கொண்டுவருகிறவர்களுக்குத் தக்க இடமளிப்பது அறிவுடைய சமூகத்தின் கடமையாகும். மாவட்டத் தலைநகரங்களோடு நின்றுவிடாமல் தாலுகா மருத்துவமனைகளிலும் கல்ச்சர் செய்யும் வசதி வேண்டும். அதற்குரிய உத்தியோகங்கள் காலியாகக் கிடக்கலாகாது. உயிருக்கு அபாயமான கிருமிகளோடு தினந்தோறும் பழகும் அப்பணியாளர்களுக்குப் பாதுகாப்புச் சாதனமும், நிலையான வேலையும், நியாயமான சம்பளமும் கிடைக்க வேண்டும். தொற்றுக் கணக்கை மறைக்கும் மருத்துவமனையைவிட, அதை ஒளியாமல் எழுதிவைத்துத் திருத்திக்கொள்ளும் மருத்துவமனையை நாம் மதிக்கப் பழக வேண்டும்.

வாசகர்கள் செய்யத்தக்கவையும் சில உண்டு. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். கடுமையான தொற்றென்று வைத்தியர் சொன்னால், மருந்து தொடங்குமுன் கல்ச்சருக்குக் கொடுக்க வேண்டுமா என்று மரியாதையோடு கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான வேளையில் முடிவு வருவதற்குமுன்பே அவர் மருந்து தொடங்குவாராயின் அதற்கு இணங்குங்கள். முடிவு வந்தபின் மருந்தை மாற்றினால் ஐயுறாதீர்கள். வைத்தியசாலையில் உறவினரைப் பார்க்கப் போனால், படுக்கையருகே செல்லுமுன்னும் திரும்பும்போதும் கைகளைக் கழுவுங்கள். அடுத்த முறை கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது, அதன் அடியில் கையெழுத்திட்டிருப்பவரின் பெயரை ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் சிகிச்சையின் நல்ல முடிவில் அவருக்கும் பங்குண்டு.